ஓய்வுத் தட்டு

என் அக்கா கூட இருந்தால் யாரும் ஓட முடியாது. பேருந்து கிளம்பிவிட்டதே என்று நான் ஓரடி வேகமாக எடுத்து வைத்தால் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பாள். படிக்கட்டு என்றாலே அவளுக்கு ஆகாது. தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினால், யார் வீட்டுப் பிள்ளை என்றுகூடப் பார்க்காமல், மெதுவாகப் போங்கள் என்று கெஞ்சுவாள். கிட்டத்தட்ட இரண்டு வருடங்கள் அவள் இப்படித்தான் இருந்தாள். பார்க்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலில் நானும் சிரித்தேன்.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில் அவளைத் துரத்திப் பிடித்தவன் கிடையாது. என் காதைத் திருகிவிட்டு அவள் ஓடுவாள், நான் பின்னாலேயே ஓடிப்போய்ப் பாதியில் உட்கார்ந்து அழுவேன். இந்தப் பயம் அவளுக்கு நடுவயதில் வந்தது. அதுவும் அவள் வேலை செய்த இடத்திலிருந்து வந்தது.

அவள் வேலை எலிகளோடு. ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் எலிகளை வளர்க்கும் கூடம் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, விளக்கு தானாக எரிந்து தானாக அணையும். உள்ளே போக வேண்டுமென்றால் தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, வாய்க்கு மூடி எல்லாம் வேண்டும். சுவரோரம் இரும்புத் தட்டுகளில் ஷூப் பெட்டி அளவுக்குக் கூண்டுகள் வரிசையாக இருக்கும். கூண்டைத் துடைத்து, அடியில் மரத்தூள் மாற்றி, தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகச் செருகி, ஒவ்வொரு எலியையும் எடை போட்டு, மேனியைப் பார்த்து வைப்பது அக்காவின் பொறுப்பு. மற்றவர்கள் எலியின் வாலைப் பிடித்துத் தூக்குவார்கள். அக்கா இரண்டு கையையும் குவித்து அள்ளித்தான் எடுப்பாள். எலிகள் அவள் கையில் அடங்கி உட்காரும். அங்கே அவளுக்கு வார்டன் என்று பெயர். விடுதிப் பிள்ளைகளை மேய்ப்பதுபோல எலிகளை மேய்க்கிறாளாம். வீட்டில் அவள் ஒரே மகளுக்கு வாலு என்று பெயர். வேலையிலும் வால், வீட்டிலும் வால், உனக்கு வாழ்க்கையே வாலாகப் போயிற்று என்று நான் கேலி செய்வேன். அப்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

எங்கள் அம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு முதலில் இறங்கியது கண்ணிமை. எப்போது பார்த்தாலும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவள் மாதிரி தெரிவாள். தூங்குமூஞ்சி என்று அப்பாவின் பக்கத்து உறவு முழுவதும் சொன்னது. பிறகு கால் தளர்ந்தது. அவளுடைய அக்காவுக்கு, அதாவது எங்கள் பெரியம்மாவுக்கு, காது போய் அதற்கப்புறம் கால் போனது. டாக்டர்கள் சத்துக் குறைவு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் அம்மா துவைத்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. அக்கா அப்போதுதான் பள்ளிக்கூடத்தை முடித்திருந்தாள். ஓடிப்போய் வாளியை அம்மாவின் கையிலிருந்து வாங்கினாள். அன்றிலிருந்து அம்மா ஒரு வேலையும் செய்யவில்லை, அக்கா செய்ய விடவில்லை. கட்டிலில் படுக்க வைத்து, ஊட்டிவிட்டு, தலை வாரிவிட்டு ராணி மாதிரி பார்த்துக்கொண்டாள். பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும் என்று ஊரே மெச்சியது. அம்மா ஐம்பதைத் தொடவில்லை. நான் அம்மாவை நினைத்தால் படுத்திருக்கிற அம்மாதான் நினைவுக்கு வருகிறாள்.

வருடங்கள் போயின. அக்கா கல்யாணமாகி, வேலைக்குச் சேர்ந்து, வாலுவைப் பெற்று, வளர்த்துக் கல்லூரிக்கும் அனுப்பிவிட்டாள். அப்போதுதான் கூடத்துக்குப் புது எலிகள் வந்தன. வந்தபோது மற்ற எலிகளைப் போலத்தான் இருந்தன. ஆனால் மற்ற எலிகள் இளவட்டமாகக் குதித்துக்கொண்டிருக்கும் வயதில் இவற்றுக்கு மயிர் நரைத்தது, முதுகு கூனியது, தோல் தொளதொளத்தது. அக்கா எடை போடும்போது கையில் எலும்பு தட்டுப்பட்டது. ஏதோ நோய் பரவுகிறது என்று பயந்து, அந்த ஆராய்ச்சியை நடத்தும் பெண்மணியிடம் ஓடினாள். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். நல்ல மனுஷி. கேட்டால் நின்று பதில் சொல்வார்.

மேடம் சொன்னதை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன அடுப்புகள் கூட்டமாக இருக்கின்றன. தின்றதையும் சுவாசித்ததையும் சேர்த்து எரித்து, நடக்கவும் பார்க்கவும் இமையைத் தூக்கி வைத்திருக்கவும் அவைதான் தெம்பு தருகின்றன. அந்த அடுப்புகளுக்குத் தனியாக ஒரு மரபு எழுத்து, அதாவது டி.என்.ஏ., உண்டு. அதைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கும்போது பிழை விழும். பிழையைத் திருத்தவும் உடம்பில் ஏற்பாடு இருக்கிறது. இந்த எலிகளில் அந்தத் திருத்தும் ஏற்பாட்டைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பிழை மேல் பிழை சேர்கிறது, அடுப்புகள் மங்குகின்றன, கிழத்தனம் சீக்கிரமே வந்துவிடுகிறது. மனிதர்களிலும் சில குடும்பங்களில் வேறு வகையாக இந்த அடுப்புகளில் கோளாறு வருவதுண்டாம். கண்ணிமை, காது, கால் என்று ஓயாமல் வேலை செய்கிற இடங்கள் முதலில் தளருமாம். கடைசியாக, போகிற போக்கில், மேடம் இன்னொன்றும் சொன்னார்.

"இந்த அடுப்பு அப்பாகிட்டேருந்து வராது. அம்மாகிட்டேருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும்."

அன்று மாலை அக்கா நேராக என் கடைக்கு வந்தாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். முகத்தை அளந்து சட்டம் பொருத்துவது என் தொழில். பேயறைந்தவள் மாதிரி வந்து வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கண்மணிகளுக்கு நடுவே அளக்கிற சின்ன அளவுகோலை எடுக்கச் சொன்னாள்.

"என் இமையை அளந்து பாரு. பொய் சொல்லாதே."

அளந்தேன். வலது இமை இடதைவிடக் கொஞ்சம் இறங்கிக் கண்மணியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொழில் செய்கிற கண்ணுக்கு அது தெரியாமல் போகாது. இத்தனை நாள் அக்கா முகத்தை அக்கா முகமாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றேன். அம்மாவுக்கும் வலதுதானே முதலில் இறங்கியது என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. மேடம் சொன்னதையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து சொல்லி முடித்தாள். சொல்லும்போது அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாலு, வாலு என்றுதான் பேச்சு முழுவதும்.

அவள் போன பிறகு நான் வேலையைப் பார்க்கத் திரும்பினேன். கண்ணாடிக் கடையில் திரும்பிய பக்கமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. எதில் பார்த்தாலும் என் இமை இறங்கின மாதிரியே தெரிந்தது. அம்மாவின் அடுப்புதானே எனக்குள்ளும் எரிகிறது. ஆனால் நான் ஆண். எனக்கு இருந்தாலும் என் பையன்களுக்குப் போகாது, அவர்களுக்கு அவர்களுடைய அம்மாவின் அடுப்பு. இதை நினைத்ததும் மனசு லேசானது. அடுத்த நிமிஷமே அக்காவின் முகம் வந்தது. அந்த நிம்மதியைப் போல அசிங்கமான நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று மறுநாளே சொன்னேன். மாட்டேன் என்றாள். தெரிந்து என்ன செய்யப் போகிறோம், மருந்தா இருக்கிறது என்றாள். மேடத்திடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவளாக ஒரு வைத்தியம் யோசித்து வைத்திருந்தாள். அடுப்பு வேகமாக எரிந்தால் சீக்கிரம் தீர்ந்து போகும், தணித்து வைத்தால் நாள் கணக்கில் எரியும், அவ்வளவுதான். கூடத்தில் முன்பு ஒரு சோதனை நடந்ததாம். தீனியைக் குறைத்துக் கொடுத்த எலிகள் கூடுதல் காலம் இருந்தனவாம். அதையும் இதோடு சேர்த்துக்கொண்டாள். கேட்கிறபோது சரி மாதிரிதான் பட்டது. எனக்கு மட்டும் என்ன தெரியும்?

வாலு கல்லூரியின் கைப்பந்துக் குழுவில் இருந்தாள். வலைக்கு மேல் எம்பி அவள் அடிக்கிற அடியில் எதிர்ப்பக்கம் நிற்கிறவர்கள் விலகிக்கொள்வார்கள். அக்கா கல்லூரிக்குப் போய், என் மகளுக்கு உடம்பு சரியில்லை, இனிமேல் விளையாட மாட்டாள் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு வந்தாள். மகளிடம், உனக்கு ரத்தம் பத்தவில்லை என்று ஒரு கதையைச் சொன்னாள். வாலு முதலில் கத்தினாள், கதவை அடித்துச் சாத்தினாள், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாள். அந்தப் பட்டினியும் அக்காவுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. கடைசியில் அக்கா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்றவள் காலைப் பிடித்தால் எந்தப் பிள்ளைதான் தாங்கும்? வாலு அடங்கினாள்.

அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் உள்ள மாடிக்கெல்லாம் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர், வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். வாலு லிஃப்டில்தான் போக வேண்டும், படி ஏறக் கூடாது என்று அக்கா சொன்னபோது தலையை ஆட்டினார். வாளி தூக்கக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, கல்லூரி விட்டு வந்ததும் படுக்க வேண்டும், தட்டில் பாதிதான் சோறு. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கல்யாணமான புதிதில் மாமியார் படுத்திருந்ததை அவரும் கண்ணால் பார்த்தவர். வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர உதறல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பரீட்சை. எலிகளுக்கு என்ன செய்வார்களோ அதையே அக்கா வீட்டிலும் செய்தாள். எடை போடுவாள். முதுகைத் தடவிக் கூன் இருக்கிறதா என்று பார்ப்பாள். முடியைப் பிரித்து நரை தேடுவாள். கம்பி வலையில் எலியைத் தொங்கவிட்டு, எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது கூடத்து வழக்கம். தெம்பு குறைந்த எலி சீக்கிரம் விழும், கீழே மெத்தை இருக்கும். வீட்டில் பால்கனிக் கதவுக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அதில் வாலு தொங்க வேண்டும். நான் போனால் நானும் தொங்க வேண்டும். அதிக நேரம் தொங்கினால் கடலை கொடுப்பாயா என்று ஒருமுறை கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. வாலு கம்பியை விட்டுக் குதிக்கிற ஒவ்வொரு வாரமும் அக்கா அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரத்தைவிட இந்த வாரம் சீக்கிரம் விழுந்தாள். அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம்.

வருடம் ஒன்று போய் இன்னொன்றும் பாதி போனது. வாலுவின் துடுக்குப் பேச்சு குறைந்தது. எந்நேரமும் கட்டிலில் கிடந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுப்பினால் அசதியாக இருக்கிறது மாமா என்பாள். முன்பெல்லாம் நடிக்கிறாளோ, அம்மாவைப் பழி வாங்குகிறாளோ என்று நினைப்பேன். அந்தக் குரலில் நடிப்பு இல்லை. என்னால் அவள் கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை. பார்த்தால் இமையைத்தான் பார்ப்பேன், அது அவளுக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் அவர்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஊரார் லிஃப்டையெல்லாம் பார்க்கப் போன அத்தான் இன்னும் வீடு திரும்பவில்லை. அக்காவும் வாலுவும் நானும் கடைத்தெருவிலிருந்து வந்து கீழே நின்றோம். வீடு நான்காவது மாடியில். அத்தான் வரும்வரை கீழேயே உட்காரலாம் என்றாள் அக்கா. வாலுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பேசாமல் ஏற ஆரம்பித்தாள். முதல் மாடி போயிற்று. இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது மாடிக்குத் திரும்புகிற இடத்தில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து உதடு வறண்டிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் மடங்கியது.

"மாமா, கால் வரல" என்றாள்.

அக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. எனக்கும் அந்தப் படி தெரியவில்லை, எங்கள் பழைய வீட்டுப் படிதான் தெரிந்தது. வாளி ஒன்றுதான் இல்லை. அக்கா மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரில் யார் நடுங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

"வந்துடுச்சுடா" என்றாள் என்னிடம். "அம்மாவுக்கு வந்தது வந்துடுச்சு."

அத்தான் பணிப்பையோடு படியேறி வந்தார். பையை என் கையில் கொடுத்துவிட்டு மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போனார். பை கனத்தது. வாலு அவருக்குக் கனத்த மாதிரி தெரியவில்லை.

அதே வாரத்தில்தான் கூடத்தில் ஒரு சண்டை நடந்தது. அதற்கு ஐந்தாறு மாதங்கள் முன்பு, பிழை சேர்கிற எலிகளின் புதுக் குட்டிகளை மேடம் இரண்டு பங்காகப் பிரித்திருந்தார். ஒரு பங்கைச் சுழலும் பட்டையில் விட்டுத் தினமும் ஓட வைக்க வேண்டும். இன்னொரு பங்கு சும்மா இருக்கும். ஓட வைக்கிற வேலையை அக்காவிடம் கொடுத்தபோது, என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். ஏற்கெனவே அரைகுறை உயிர், அதையும் ஓட வைத்துக் கொல்வதா என்று அவளுக்கு ஆத்திரம். அந்த வேலை நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆளுக்குப் போனது. அக்கா சும்மா இருக்கிற எலிகளின் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஓய்வுத் தட்டு என்று பெயர் வைத்ததும் அவள்தான். அந்த எலிகளுக்குக் கூடு கட்டக் காகிதம் கிழித்துப் போட்டாள், சத்தம் போடாமல் நடந்தாள். நெட்டையின் தட்டுப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டாள். அதைப் பார்க்க அவளுக்குப் பயம்.

படியில் வாலு உட்கார்ந்ததற்கு மறுநாளோ அடுத்த நாளோ, இரண்டு தட்டுக் கூண்டுகளையும் ஒரே மேஜையில் வைத்து எடை போடச் சொல்லியிருந்தார் மேடம். அக்கா தூங்காத கண்ணோடு போய்க் கூண்டுகளைத் திறந்தாள். ஒரு பக்கம் எலிகள் கூனி, நரைத்து, மயிர் உதிர்ந்து மூலையில் சுருண்டு கிடந்தன. இன்னொரு பக்கம் எலிகள் வழவழவென்று விறுவிறுப்பாக மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. கிழடு தட்டினவை ஓய்வுத் தட்டு எலிகள், அவை அப்படி ஆனது அவளுக்குத் தெரிந்ததுதான்; ஓடின எலிகள் இப்படி நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. அக்கா நெட்டையின் பக்கம் திரும்பினாள்.

"வேற நல்ல எலியை மாத்தி வச்சிட்டே" என்றாள்.

நெட்டை தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அக்கா நம்பவில்லை. தும்மினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்முகிற அந்தக் கூடத்தில் அவள் போட்ட கூச்சலுக்கு எலிகளெல்லாம் பெட்டிக்குள் பதுங்கினவாம். மேடம் வந்தார். காதைப் பாருங்கள் என்றார். எலிகளுக்கு அடையாளமாகக் காதில் பொடித் துளை போடுவார்கள். ஓய்வு எலிகளுக்கு வலது காது, ஓடுகிறவற்றுக்கு இடது காது. துளை போட்டவள் அக்கா. ஒரு வழவழ எலியை அள்ளி எடுத்துப் பார்த்தாள், இடது காதில் அவள் போட்ட துளை. அடுத்ததை எடுத்தாள், இடது காது. ஒன்று விடாமல் எடுத்துப் பார்த்தாள். பிறகு மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேடமும் தரையில் உட்கார்ந்தார். ஓடினால் அடுப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்றுதானே நினைத்தேன் என்று அக்கா கேட்டாள். விஞ்ஞானிகள் பலரும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள் என்றார் மேடம். புறாவைப் பாருங்கள் என்றார். ஒரு பெரிய எலியும் ஒரு புறாவும் கிட்டத்தட்ட ஒரே எடைதான். புறா எலியைவிட அதிகமாக எரிக்கிறது, பறக்க வேண்டுமே. எலிக்கு மூன்று நான்கு வருட ஆயுள், புறா முப்பது வருடம்கூட இருக்கும்.

"எவ்வளவு எரியுதுங்கறது மட்டும் கணக்கு இல்ல, எவ்வளவு புகையுதுன்னும் இருக்கு. வேலை கொடுத்தா உடம்பு புது அடுப்பு கட்டிக்குது, ஓட்டை அடுப்பைத் தூக்கிப் போடுது. அப்படித்தான் தெரியுது."

உடனே ஒரு எச்சரிக்கையும் சொன்னார். எலிக்கு நடப்பது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று தான் சொல்ல மாட்டேன், தீனியைக் குறைப்பதும் வளர்கிற பெண்ணிடம் செய்து பார்க்கிற காரியம் இல்லை என்றார். வளர்கிற பெண் என்று அவர் ஏன் சொன்னார் என்றால், அதற்குள் அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தாள். அம்மா, பெரியம்மா, தன் இமை, வாலு, பாதிச் சோறு, படி. கேட்கக் கேட்க மேடத்தின் முகம் மாறிவிட்டதாம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். அன்றே ஒரு மருத்துவமனைக்குப் பேசி ஏற்பாடு செய்தார்.

அக்காவுக்கும் வாலுவுக்கும் ரத்தம் எடுத்தார்கள், தொடையில் சின்னதாகக் கீறித் துளி தசையும் எடுத்தார்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த மாதிரி வாரங்கள் யாருக்கும் வர வேண்டாம். போன் அடித்தால் எல்லோருக்கும் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சையை அக்கா நிறுத்திவிட்டாள். நிறுத்தினதுதான் இன்னும் பயமாக இருந்தது. வாலுவுக்கு அப்போதுதான் முழுக் கதையும் தெரிய வந்தது. அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பாட்டிக்கு எத்தனை வயதில் வந்தது என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். தெரியாது என்று மென்று முழுங்கினேன்.

முடிவு சொல்லும் நாளில் நான்கு பேரும் டாக்டரின் அறையில் நெருக்கி உட்கார்ந்தோம். டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர். அக்காவுக்கு இருக்கிறது என்று முதலில் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள், அதைக் கேட்க அவள் வரவில்லை. கல் கலந்த அரிசியில் கைவிட்டு அள்ளுகிற மாதிரி இது, நல்ல அடுப்பு அரிசி, கெட்ட அடுப்பு கல் என்றார் டாக்டர். ஒரு பிடியில் கல் நிறைய வரும், இன்னொரு பிடியில் ஒன்றிரண்டு வரும். தாயின் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பிடி. வாலுவின் பிடியில் வந்தது ரொம்பக் கொஞ்சம். கடைசிவரை ஒன்றும் தெரியாமலே இருந்துவிடலாம், வருடா வருடம் வந்து காட்டினால் போதும் என்றார். பிறகு வாலுவின் தொடையை அமுக்கிப் பார்த்தார், அவளை உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"இவ்வளவு கொஞ்சத்துக்கு இந்தத் தளர்ச்சி வராதே. இந்தப் பொண்ணு எவ்வளவு நாளா படுத்திருக்கா?"

அத்தான் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலு மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, விளையாடலாமா என்று கேட்டாள். இப்போதே எம்பி அடிக்கக் கூடாது, முதலில் நட, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓடு, வயிறாரச் சாப்பிடு என்றார். அம்மாவும் அளவோடு தினமும் நடக்க வேண்டும் என்றார். அக்காவுக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் திறந்து தயாராக நின்றது. வாலு அதைத் தாண்டிப் படிக்குப் போனாள். அக்கா நான்கு படி தள்ளிப் பின்னாலேயே ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் மகள் நின்றாள், அம்மாவும் நின்றாள். வாலு அம்மாவோடு பேச அதற்கப்புறமும் பல நாட்கள் ஆயின. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது சாயங்காலம் ஆனால் வாலு பக்கத்து விளையாட்டுத் திடலுக்குப் போகிறாள். முதலில் ஒரு சுற்று நடந்தாள், பிறகு நடையும் ஓட்டமுமாகப் போனாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருக்கிறது, வாயும் திரும்ப வந்துவிட்டது. அக்கா கூடவே போய்த் திடலோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மகள் மூச்சு வாங்கினால் இவள் சேலை நுனியைக் கையில் முறுக்குவாள். பயம் அப்படியெல்லாம் விட்டுப் போகிற சாமான் இல்லை. அவளுடைய வலது இமை இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான் அளக்கவில்லை, அளக்காமலே தெரிகிறது. நீயும் பரிசோதித்துக்கொள் என்று அவள் என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அடுத்த வாரம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் கடை விட்டு நேராகத் திடலுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாலு எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போய் வந்த நாளிலிருந்து அவளுக்குள் ஏதோ ஒன்று கிடந்து அரிக்கிறது என்று எனக்குத் தெரியும், வாலுவுக்குச் செய்ததுதான் அரிக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"அம்மா கையிலேருந்து அந்த வாளியை வாங்குனேன்ல" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அதுக்கப்புறம் அம்மாவை நான் எழுந்திருக்கவே விடலடா. நான்தானே படுக்க வச்சேன். விட்டிருந்தா அம்மா இன்னும் கொஞ்ச நாள் நடந்திருப்பாளா?"

அது மேடத்துக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அம்மாவின் பிடியில் எத்தனை கல் இருந்தது என்று இனிமேல் யாரால் எண்ண முடியும்? அப்படியெல்லாம் இல்லைக்கா என்று சொல்லலாம். சொன்னால் நம்ப மாட்டாள். அவள் கையைப் பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. இத்தனை வருடம் வரப்போகிறதற்குப் பயந்தவள் இப்போது முடிந்துபோனதற்கும் பயந்து கிடந்தாள். அந்தப் பயம் என் கைக்கும் ஏறியது. அம்மாவுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டவர்களில் நானும் ஒருவன்.

வாலு சுற்றை முடித்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. அக்கா வழக்கம்போல அவள் உதட்டைப் பார்த்தாள், இமையைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். வாலுவுக்கு அது இப்போது பழகிவிட்டது, பார்த்து முடிக்கட்டும் என்று நின்றாள். பிறகு கையை நீட்டினாள்.

"எழுந்திரும்மா. ஒரு சுத்து."

அக்கா என்னைப் பார்த்தாள். முழங்காலில் கையை ஊன்றி, பெஞ்சைப் பிடித்து, மகளின் கையையும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால்கள் நடுங்கின. அந்த நடுக்கம் நோயா பயமா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. வாலு தன் நடையை அம்மாவின் நடைக்குக் குறைத்துக்கொண்டாள். முதல் வளைவு வரைக்கும் பெஞ்சிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் எழுந்து அவர்கள் பின்னால் நடந்தேன்.